சின்ன டாமுக்குப் பிடித்த ட்ரம்மர்

பெரம்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், ஒரு காலத்தில், அதாவது போன மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், ஒரு ட்ரம் செட் குடும்பம் குடியிருந்தது.

அந்த மாடி ஒரு பயிற்சி அறை. ராக் பேண்டுகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வாசித்துவிட்டுப் போகும். கிடார்காரர்கள் அவரவர் கிடாரைத் தோளில் மாட்டி வந்து, தோளில் மாட்டியே போய்விடுவார்கள். ட்ரம் செட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற யாருக்கு இடுப்பு இருக்கிறது? அதனால் அது மட்டும் அங்கேயே நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அடி வாங்கியது. அடிதான் அதற்குச் சாப்பாடு.

குடும்பத்தில் மூத்தவர் கிக். காலால் மிதித்தால் 'தும்' என்கிற பெரிய மேளம். சத்தம் ரொம்பப் பரவக் கூடாதென்று அவர் வயிற்றுக்குள் ஒரு தலையணையைத் திணித்து வைத்திருந்தார்கள். அதனாலோ என்னவோ, எதையும் சுருக்கமாகத்தான் பேசுவார். அடுத்து ஸ்னேர் என்ற தட்டை மேளம், படபடவென்று பொரிகிறவள். பிறகு ஹை-ஹாட் தம்பதி: ஒரே கம்பியில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வெண்கலத் தட்டுகள், கால்மிதியை அழுத்தினால் மூடிக்கொள்ளும், விட்டால் திறக்கும். ஒருவர் தொடங்கிய பேச்சை மற்றவர்தான் முடிப்பார். கிராஷ் ஒரு பெரிய தட்டு. அவள் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். ரைடு இன்னொரு தட்டு, வம்பு தும்புக்குப் போகாத ஆள். மிச்ச மேளங்களில், மூன்று காலை ஊன்றித் தரையில் நின்றவன் பெரிய டாம். கிக்கின் முதுகில் ஒரு கம்பியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தவன் சின்ன டாம்.

கதை இந்தச் சின்னவனுடையது.

அங்கே வருகிற ட்ரம்மர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. ஒருவன் டைட்டஸ். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, இருக்கிற தோல், தட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று விசாரித்துவிடுவான். ஸ்னேரில் ஆரம்பித்துச் சின்ன டாமில் ஏறிப் பெரிய டாமில் இறங்கும் அவனுடைய உருட்டலைக் கேட்கவே பக்கத்து அறைப் பையன்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

இன்னொருத்தி யாமினி. அவள் வந்ததும் செய்கிற முதல் வேலை, சின்ன டாமைக் கழற்றுவது. திருகைத் தளர்த்தி, அவனைக் கம்பியிலிருந்து உருவி, ஸ்பீக்கர் பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார வைத்துவிடுவாள். அந்தக் காலி இடத்தில் ரைடைக் கொண்டுவந்து தன் கைக்குப் பக்கமாக நிறுத்திக்கொள்வாள். இதில் அவளுக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவள் வாசிப்புக்கு ரைடு அங்கே வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஓரம் கட்டப்பட்டவனுக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு? யாமினி வருகிற நாளெல்லாம் சின்ன டாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு சனிக்கிழமை காலை. அறைக்குச் சொந்தக்காரர் ஜெரால்டு, சின்ன டாமின் திருகைத் தடவிப் பார்த்துவிட்டு டைட்டஸுக்குப் போன் போட்டார்.

"டேய், நீ வந்து மாட்டறே, அவ வந்து கழட்டறா. திருகுல மரையே தேஞ்சு போச்சுடா. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. ஒரே பேண்டு, ஒரே பாட்டு. யாரு வச்ச மாதிரி நல்லா இருக்கோ, அப்படியே தரையில டேப் ஒட்டி முடிச்சிடறேன். அப்புறம் எவனும் கை வைக்கக் கூடாது. மிச்சப்படறது பரணுக்கு."

மிச்சப்படுவது யாரென்று சொல்லத் தேவையில்லை. அறைக் கதவுக்கு மேலே இருந்த பரணில் உடைந்த மைக் ஸ்டாண்டுகளும் பழைய கிறிஸ்துமஸ் ஸ்டார்களும் கிடந்தன. ஏறிய எதுவும் இதுவரை இறங்கியதில்லை. சின்ன டாமுக்குத் தோல் சில்லிட்டுப் போயிற்று.

ஜெரால்டு போனதுதான் தாமதம், அறை சந்தைக்கடை ஆகிவிட்டது.

"இதுல போட்டி வேற ஒரு கேடா?" என்றாள் கிராஷ். "ட்ரம்மர்னா டைட்டஸ். அவன் வாசிச்சா கீழ்க் கடையில கண்ணு டெஸ்ட் பண்ற போர்டு ஆடுது தெரியுமா? நல்ல கண்ணு இருக்கிறவனுக்கே எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதாம்."

"கண்ணாடிக் கடைக்கு லாபம்," என்றார் கிக். "பாட்டுக்கு என்ன லாபம்?"

"வயித்துல தலகாணி வச்சிருக்கிறவருக்கு ராக்கைப் பத்தி என்ன தெரியும்? ராக்னா வேகம்ணே," என்றான் பெரிய டாம்.

"வேகமா போய் என்னத்தைக் கண்டே? பாட்டு இப்பத்தான் அயனாவரத்துல வருது. உன் ஆளு அதுக்குள்ள சென்ட்ரல்ல இறங்கி டீ குடிச்சிட்டிருக்கான்."

ஹை-ஹாட் தம்பதி கலகலவென்று சிரித்தார்கள். "அந்தப் பொண்ணு எங்களை எப்ப மூடணும்," என்று மேல்தட்டு ஆரம்பிக்க, "எப்ப லேசா திறக்கணும்னு தெரிஞ்ச பொண்ணு," என்று கீழ்த்தட்டு முடித்தார். "டைட்டஸ் தம்பி எங்க மேல காலை வச்சா," "எடுக்கவே மறந்துடறாரு."

ஸ்னேர் விடுவாளா? "அடின்னா டைட்டஸ் குடுக்கணும். நடுவையும் ஓரத்தையும் சேர்த்து ஒண்ணு விடுவான் பாருங்க, ஊரே திரும்பிப் பாக்கும். உங்க யாமினி பாதி நேரம் என்னைத் தடவிக் குடுத்துட்டிருக்கா. நான் என்ன பூனைக்குட்டியா?"

"அந்தத் தடவல்லதான்டி பாட்டு நடக்குது," என்றார் கிக்.

"குச்சியைச் சுழட்டித் தூக்கிப் போட்டுப் பிடிப்பானே, அது?"

"அது சர்க்கஸ்."

"போட்டோவுக்கு எப்படி நிக்கும் தெரியுமா?"

"போட்டோவுல சத்தம் கேக்குமா?"

"ரெண்டு பேருமே நல்லாத்தானே..." என்று ரைடு இழுத்தான்.

"அதெல்லாம் வேணாம். ஓட்டு யாருக்கு, சொல்லு," என்று மடக்கினாள் கிராஷ்.

"யாமினிக்கு."

"பின்னே? உன்னை நடு வீட்டுல உக்கார வைக்கறா இல்ல."

ஓட்டு என்ற பேச்சு வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. டைட்டஸுக்குக் கிராஷ், ஸ்னேர், பெரிய டாம். யாமினிக்குக் கிக், ரைடு, ஹை-ஹாட். "நாங்க ரெண்டு பேரு," "ரெண்டு ஓட்டு," என்று தம்பதி கிளம்ப, "ஒரே கம்பியில நிக்கறீங்க, ஒரே ஓட்டுதான்," என்று கிராஷ் வாயை அடைத்துவிட்டாள். ஆக, மூன்றுக்கு மூன்று.

எல்லாரும் சின்ன டாமைப் பார்த்தார்கள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இவ்வளவு நேரம் எல்லாரையும் உற்றுக் கவனித்து ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான், அதைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. "நான் ஒண்ணு சொல்றேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. இவ்ளோ நேரமா நீங்க யாருமே பாட்டைப் பத்திப் பேசல. உங்க உங்க மேல யாரு நல்லா அடிக்கறாங்களோ அவங்களைத் தூக்கி வச்சுப் பேசறீங்க. ரசனைன்னா தன்னைக் கழிச்சுட்டுப் பேசணும். அப்படித் தன்னைக் கழிச்சுட்டுப் பாத்தா, என்னோட ஓட்டு டைட்டஸுக்கு."

அப்புறம் பாருங்கள், ஒரு சிரிப்பு. கிக்கின் தலையணையே குலுங்கியது. கிராஷ் சிரித்த சிரிப்பில் கம்பியே ஆடிற்று. அவன் கட்சிக்காரர்களே சிரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன டாமுக்கு மானம் போய்விட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சரி விடுங்க," என்றாள் கிராஷ், மூச்சு வாங்கிக்கொண்டே. "நாலுக்கு மூணு. நம்ம ஆளு ஜெயிச்சாச்சு. நாளைக்கு அந்தப் பொண்ணு வாசிக்கும்போது ஆளுக்கொரு திருகைத் தளர்த்தி விட்டுடலாமா?"

"அந்த வேலை மட்டும் வேணாம்," என்றார் கிக். "ரெண்டு பேருக்கும் ஒழுங்கா ஒலிப்போம். ஜெரால்டுக்கும் காது இருக்கு."

அத்தோடு கிராஷ் அந்தப் பேச்சை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஒரு கிடார்காரர், பாடுவதும் அவரேதான். பேஸ் கிடாருக்கு அல்போன்ஸ், அவர் வாசிக்கும்போது வாயையும் சேர்த்து அசைப்பவர். ஜெரால்டு கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் டைட்டஸ்.

அடடா, என்ன வாசிப்பு. யாமினி கட்சிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பையனுக்குக் கை இருக்கிறது. பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிராஷ் கூவினாள், ஸ்னேர் வெடித்தாள். பாட்டின் நடுவில், பாடல் வரி முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில், அந்த உருட்டல் வந்தது. ஸ்னேரிலிருந்து தாவி வந்து சின்ன டாமின் மேல் மழையாகக் கொட்டி, பெரிய டாமில் போய் விழுந்தது. சின்ன டாமுக்குத் தலை கால் புரியவில்லை. தோல் முழுக்க ஆனந்தம். 'இதுதான்டா ராக்கு' என்று அவன் கத்தியது குச்சிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கிடார்காரர் விசிலடித்தார். அல்போன்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது யாமினி. வந்தாள், வழக்கம்போலத் திருகைத் தளர்த்தினாள். சின்ன டாமை உருவி ஸ்பீக்கர் ஓரமாக வைத்தாள், ரைடை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஓரத்தில் உட்கார்ந்த சின்ன டாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தான். ஒன்றுவிடாமல் குற்றம் கண்டுபிடிப்பது.

அவள் ஆரம்பித்தாள். தும். டக். தும்தும். டக்.

'இவ்ளோதானா? இதைக் கீழ்க் கடைக்காரர்கூட வாசிப்பாரு.' இது முதல் குற்றம்.

தும். டக். தும்தும். டக். ஹை-ஹாட் தம்பதி அதன் மேல் மெல்லிசாகக் கிசுகிசுத்தார்கள். ரைடு தன் இடத்திலிருந்து டிங் டிங்கென்று நடந்தான். ஸ்னேர், அந்த வாயாடி ஸ்னேர், அடிக்கும் அடிக்கும் நடுவே யாருக்கோ ரகசியம் சொல்கிற மாதிரி சின்னச் சின்னதாக முணுமுணுத்தாள். 'சத்தமே இல்லையே,' என்று இரண்டாவது குற்றத்தைச் சொல்லிக்கொண்டான் சின்ன டாம். அல்போன்ஸ் வாயசைப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். கிடார்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது குற்றம் என்னவென்று சின்ன டாம் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். எதை யோசிக்கிறோம் என்பதே மறந்து போயிற்று.

பாடல் வரி முடிகிற இடம் வந்தது. அவனுக்கு விழிப்புத் தட்டியது. இங்கேதான் டைட்டஸ் உருட்டினான். 'இப்பத் தேடுவா பாரு என்னை. கையை நீட்டுவா, நான் இருக்க மாட்டேன். அப்பத் தெரியும்.'

யாமினி கையை நீட்டவில்லை. இரண்டு குச்சியையும் அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். கிடார் நின்றது, பேஸ் நின்றது. ஒரு தாளத்துக்கு அறையில் ஒன்றுமே இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது.

ஊஊம்ம் என்று ஒரு முனகல். யாருடா அது நடுவில் என்று சின்ன டாமே எரிச்சலோடு சுற்றிப் பார்த்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோல்தான் முனகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவனுக்கே தெரியாது. அடக்கிப் பார்த்தான், அடங்கவில்லை.

யாமினி ஸ்பீக்கர் பக்கம் திரும்பி ஒரு கணம் சிரித்தாள். அப்புறம் குச்சிகள் இறங்கின. கிராஷ் ஒரே ஒரு தரம், அந்தப் பாட்டிலேயே முதல் தரமாக, வாயைத் திறந்தாள் பாருங்கள். அறை எகிறிக் குதித்தது. ஜெரால்டு ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். டைட்டஸ் சுவரில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். சின்ன டாம் முனகலை அடக்குகிற வேலையை விட்டுவிட்டான். வாய்விட்டே பாடினான்.

பாட்டு முடிந்தது.

"நடுவுல ஊம்னு ஒண்ணு கேட்டுதே, என்ன அது?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"சின்ன டாம்," என்றாள் யாமினி. "சும்மா உக்கார முடியல போல, பாவம்."

ஜெரால்டு தாடையைச் சொறிந்தபடி இப்படியும் அப்படியும் நடந்தார். "ரெண்டும் ரெண்டு விதமா நல்லா இருக்கு. ஆனா நான் ரூம் நடத்தறவன். வர்ற பசங்க எல்லாம் டாம் எங்கன்னுதான் முதல்ல கேக்கறாங்க. அதனால டைட்டஸ் வச்ச மாதிரியே ஒட்டிடறேன். யாமினி, நீ ரைடைத் தள்ளி வச்சுப் பழகிக்கோம்மா."

"பழகிப் பாத்துட்டேன் அங்கிள். அவ்ளோ தூரம் போனா எனக்குக் கை வர மாட்டேங்குது," என்றாள் அவள். குரலில் கோபமில்லை. "பரவால்ல. நான் வேற ரூம் பாத்துக்கறேன்."

அவள் குச்சிகளைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

"ஜெயிச்சாச்சுடா சின்னவனே," என்று கிராஷ் குசுகுசுத்தாள். "பரணும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே நீதான் நடுவுல ராஜா."

நேற்றுக் காலையில் இதைக் கேட்டிருந்தால் சின்ன டாம் கூத்தாடியிருப்பான். இப்போது அது அவன் காதிலேயே ஏறவில்லை. பைக்குள் போகிற அந்தக் குச்சிகளையே பார்த்தான். அவை ஒருநாள்கூட அவனைத் தொட்டதில்லை. இனி இந்த அறைக்கே வரப்போவதில்லை.

ஜெரால்டு அவனைத் தூக்கி வந்து கம்பியில் மாட்டினார். திருகை இறுக்கினார். அது இறுக்கமாகத்தான் பிடித்தது. தேய்ந்த மரையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிடித்துக்கொண்டால் பல வருடம் ஓட்டிவிடலாம்.

சின்ன டாம் பிடியை விட்டான்.

தலை கவிழ்ந்து முன்னால் சாய்ந்தான். ஜெரால்டு நிமிர்த்தி மறுபடி இறுக்கினார். மறுபடி சாய்ந்தான். இன்னொரு தரம், முகம் சிவக்க, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து முறுக்கினார். சின்ன டாம் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, கவிழ்ந்தான்.

"போச்சு. மரை சுத்தமா போச்சு," என்றார் ஜெரால்டு. "வெல்டிங் வைக்கணும்."

"எதுக்கு அங்கிள்?" என்றான் டைட்டஸ். "யாமினி வச்ச மாதிரியே வச்சிடுங்க. நான் கத்துக்கறேன். நீ போகாதே யாமினி, அந்த நடு எடத்துல கையைத் தூக்கி நிறுத்தினியே, அது எப்படின்னு முதல்ல எனக்குச் சொல்லிக் குடு."

யாமினி பையைக் கீழே வைத்தாள். ஜெரால்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து, ஸ்டாண்டுகளின் கால் நிற்கிற இடத்தையெல்லாம் சுற்றி ஒட்ட ஆரம்பித்தார். சின்ன டாமைத் துடைத்துக் கதவோரம் வைத்துவிட்டு, ஏணி எடுத்துவரப் போனார்.

அந்த இடைவெளியில் குடும்பமே அவனைக் கேள்விகளால் மொய்த்துக்கொண்டது.

"தவறித்தானே விழுந்தே?" என்றான் பெரிய டாம்.

"இல்லண்ணே."

"அது சும்மா பேஸ் கிடார் அதிர்வுடா," என்றாள் ஸ்னேர். "பக்கத்துல ஸ்பீக்கர் இருந்தா யாருக்கும் தோல் முனகும். அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டியா?"

"இருக்கலாம். அதிர்வாவே இருக்கட்டும்," என்றான் சின்ன டாம். "டைட்டஸ் வாசிச்சப்ப நான் சந்தோஷப்பட்டது என் சத்தத்தைக் கேட்டு. அவ வாசிச்சப்ப நான் அந்தப் பாட்டுலயே இல்ல. அப்பவும் சந்தோஷமா இருந்தது."

ஜெரால்டு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். சின்ன டாமை இடுக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.

கிராஷுக்குத்தான் மனசு ஆறவில்லை. "டேய், பைத்தியக்காரா, அந்தத் தூசியில தனியா உக்காந்து என்னடா பண்ணப் போறே?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

ஏணியின் மேல்படியிலிருந்து சின்ன டாமின் குரல் வந்தது.

"வாசிக்கத்தான் நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே அக்கா. கேக்கறதுக்கு ஒருத்தன் வேணாமா?"